ஞாயிறு மட்டும்

செவ்வாய், வியாழன், சனி
டயாலிசிஸ் இயந்திரம் அவரை வைத்துக்கொள்கிறது,
நான்கு மணி நேரம். பிறகு
மிச்சத்தை என்னிடம் திருப்பித் தருகிறது.
ஆகவே ஞாயிறு.
வேறு கிழமை இல்லை.

அதிலும் சனி இரவு
மழையில் நனைந்த கோட்டைப் போல வீடு வருகிறவர்
காலை பத்துக்கு முன் எழுந்து நிற்க மாட்டார்.
பத்திலிருந்து இருட்டும் வரை.
அதற்குள் ஒரு பள்ளத்தாக்கு.

மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
தொலெகென் கணக்குப் போடுகிறார்.
அல்மாட்டியிலிருந்து சாரினுக்கு
இருநூறு கிலோமீட்டர்.
போக மூன்றரை மணி, வர மூன்றரை,
ஷெலெக்கில் நிறுத்தித் தேநீர்
(எனக்கு மட்டும்) கால் மணி.
வெளிச்சம் இருக்கும்போதே
கொக்பெக் கணவாயைத் தாண்டித் திரும்ப வேண்டும்,
நிவாவின் இடப்பக்க விளக்கு எரியாது.
நிவா என் தம்பி யெர்சினுடையது.
ஹீட்டரை அணைக்க முடியாது, அது ஒன்றுதான் குறை என்று
சாவி கொடுக்கும்போது சொன்னான்.
விளக்கைச் சொல்லவில்லை.

நான் டிராலிபஸ் ஓட்டுகிறேன்.
நாளைக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், இருபத்தோரு வருடம்,
கம்பி போகிற இடத்துக்கு மட்டும்.
ஊர் எல்லையோடு கம்பி நின்றுவிடும்.
"பயமா?" என்கிறார்.
"பிரேக்கைப் பார்க்கணும்" என்கிறேன்.

அவர் லிப்ட் மெக்கானிக். ஆழத்தை
மாடிக்கணக்கில்தான் எண்ணத் தெரியும்.
"நூற்றைம்பது மீட்டர். ஐம்பது மாடி.
லிப்ட் கிடையாது. யாரிடம் புகார் கொடுப்பது?"
சிரிக்கிறார். பாதியில் சிரிப்பு மூச்சிரைப்பாகிறது.
ஆற்றுக்கும் விளிம்புக்கும் ஒரு லாரி ஓடுகிறதாம்,
தலைக்கு இவ்வளவு என்று வாங்குவார்களாம்.
எழுதுகிறேன்: லாரி, இரண்டு பேர், போக, வர.
"போக" என்பதை அடித்துவிடுகிறார்.
இறங்குவது நடந்துதான்.
மறுபடி எழுதுகிறேன்.
மறுபடி அடிக்கிறார். ரசீது கிழிகிறது,
சரியாக நாங்கள் கட்டவேண்டிய தொகையின் மேல்.

மேல்மாடி கலீனா ஸ்தெபானோவ்னா
மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.
இதை யார் ஐம்பது மாடி தூக்குவது?
"நாற்காலி லாரியில் போகட்டும்" என்றார்.
அப்படியே எழுதினோம்.
நாற்காலி, போக. மூன்று பேர், வர.

பிறகு தண்ணீர்.
நாளுக்கு எழுநூறு மில்லி,
சூப் குடித்தால் அதுவும் கணக்கில்.
பாட்டிலை எடுத்து மார்க்கரால் கோடு போடுகிறார்:
ஷெலெக். கணவாய். விளிம்பு. ஆறு.
கடைசிக் கோட்டுக்குக் கீழே
இரண்டு விரல் உயரம்.
அந்த மலையை அறுத்த ஆற்றின் பக்கத்தில் உட்கார்ந்து
இரண்டு விரல் தண்ணீர் குடிப்பார்.

செப்டம்பர். ஷெலெக் சாலையோரம்
முலாம்பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள்.
அங்கே வேகத்தைக் குறைக்கக் கூடாது.
இதை ரசீதில் எழுதவில்லை.
பவுர்சாக் பொரிக்கணும், உப்பு போடாமல்.
காய்ந்த ஆப்ரிகாட் கூடாது.
ஆப்பிள், ஒன்றில் பாதி. மற்ற பாதி எனக்கு,
எப்போதும் போல.

அவர் தூங்கிய பிறகு
ரசீதை விளக்கடியில் ஒட்டவைத்துப் படித்தேன்.
ஒவ்வொரு நேரத்துக்கும் எதிரே ஒரு வேலை,
லிப்ட் பராமரிப்புப் பதிவேடு மாதிரி.
10.00 கிளம்பு.
1.45 விளிம்பு, படம் எடு.
3.00 ஆறு.
3.00 முதல் 3.40 வரை:
ஒன்றும் இல்லை.

எழுத மறந்ததா என்று நினைத்தேன்.
மறந்திருந்தால் வெறுமனே விட்டிருப்பார்;
இது எழுதி, கீழே கோடும் போட்டிருந்தது.
எழுப்பிக் கேட்கலாம்.
பேனாவை எடுத்து 3.40-ஐ 3.50 ஆக்கினேன்.
பத்து நிமிடத்தைத் தேநீரிலிருந்து கழித்துக்கொண்டேன்.
ஐந்து நிமிடம் போதும் தேநீருக்கு,
கார்க் கதவைத் திறந்து வைத்து நின்றபடியே.
டிப்போவில் அப்படித்தான் குடிக்கிறோம்.